பென் ட்ரைவ் மேல் போட்ட பழி

சண்டை முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். மன்னார் தீவில், தலைமன்னார் வீதியை ஒட்டிய எங்கள் ஊருக்கு, இந்தியாவில் அகதி முகாம்களில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் வேலிக்கு அடுத்த வளவுக்கும் ஒரு அக்கா வந்து சேர்ந்தார். தொண்ணூறில் படகேறிப் போனவர். கணவர் முகாமிலேயே இறந்துபோனார். ஒரே மகள் அங்கேயே விடுதியில் தங்கி, தாதியர் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள்.

நான் வீட்டில் இருந்தபடியே நினைவு அட்டை அடிப்பவள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவருடைய படம் போட்ட அட்டை கொடுக்காமல் விடமாட்டார்கள். தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல்நன்மை, கலியாணம் என்று மற்ற வேலைகளும் வரும். ஊரில் கணினி இருந்த வீடு இரண்டோ மூன்றோதான். அதனால் எனக்குக் 'கொம்பியூட்டர் அக்கா' என்று பெயர். பெயருக்கு ஏற்ற தலைக்கனமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அந்தச் சனிக்கிழமை பிரதேச செயலகத்தில் நடமாடும் சேவை என்று அறிவித்திருந்தார்கள். கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து ஒரே நாளில் பிறப்புப் பதிவு, குடியுரிமை எல்லாம் பார்ப்பார்கள். அக்காவின் மகள் முகாமில் பிறந்தவள். அவளுக்கு இலங்கைக் குடியுரிமை எடுத்தால்தான் படிப்பு முடிந்து வீட்டுக்கு வரலாம். அவளுடைய பிறப்புச் சான்றிதழும் முகாம் அட்டையும் பிரதியாக இருந்தாலே போதும், கோப்புத் திறந்துவிடலாம் என்று கிராம சேவகர் சொல்லியிருந்தார். இதைத் தவறவிட்டால் அடுத்த நடமாடும் சேவை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அக்காவிடம் மின்னஞ்சல் இல்லை. அதனால் என் முகவரிக்கே அனுப்பச் சொன்னோம். அதற்கு முந்தின சனிக்கிழமை போனில் பேசியபோது, திங்கட்கிழமை அனுப்பிவிடுவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். திங்கள் மாலை அக்கா வந்தபோது கையில் ஒரு பென் ட்ரைவும் இருந்தது. முகாமில் எடுத்த படங்கள். அவருடைய கணவர், மகள், தகரக் கூரை போட்ட வீடு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பார்த்து முடியக் கரண்ட் போய்விட்டது. சரி, நாளைக்கு எடுப்போம் என்று விட்டுவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் மெயில் திறக்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பாக ஏதோ இங்கிலீஷில் வந்தது. நான் அதை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். திரும்பவும் சிவப்பு. செய்திப் பக்கம் ஒன்று திறந்தது, பாட்டுப் பக்கம் ஒன்று திறந்தது. மெயில் மட்டும் மாட்டேன் என்று நின்றது.

செய்யாத வைத்தியம் இல்லை. இன்டர்நெட் டொங்கிளைக் கழற்றி மறுபடி பூட்டினேன். நீளமான வயர் ஒன்றில் கொழுவி யன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். கணினியை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, திரும்பப் போட்டேன். அப்போது அடித்த சோளகக் காற்றை ஏசினேன், டவர்க்காரனை ஏசினேன். டவுனுக்குப் போய் ஒரு கடையில் மெயிலைத் திறக்கலாம் என்றால் எனக்குக் கடவுச்சொல் தெரியாது. கணினியைப் பூட்டித் தந்தவர் போட்டது, அதுவாகவே திறந்துகொள்ளும். அவரோ வேலைக்காகக் கட்டாருக்குப் போய்விட்டார், போன் இலக்கமும் தெரியாது. மகளிடம் வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லவும் வழியில்லை. விடுதியில் சனிக்கிழமை பின்னேரம்தான் போன் கையில் கொடுப்பார்களாம்.

மத்தியானம் அக்கா வேலியடியில் வந்து நின்றார்.

"சரியா வந்துடுச்சா தங்கச்சி?"

எனக்கு ஏற்கனவே எரிச்சல். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எப்பிடியக்கா வரும்? நேற்று வரைக்கும் நல்லா இருந்தது. உங்கட இந்தியா பென் ட்ரைவைப் போட்டனாங்கள், அதில இருந்த வைரஸ்தான் எல்லாத்தையும் திண்டுபோட்டுது."

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி, எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். அதுவரை முகாம் பேச்சில் 'வாங்க, போங்க' என்று பேசிவந்தவர், அன்றைக்கு முதல் தடவையாக எங்கள் ஊர்ப் பேச்சில் மன்னிப்புக் கேட்டார், பிறகு அதையே பேசினார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பழி போட ஒரு ஆள் கிடைத்ததில் மனம் லேசாகிக்கூட இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் காலையும் மாலையும் வந்தார். உள்ளே வரமாட்டார். வாசலோடு நின்று முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவார். வியாழன் மாலை ஒரு சட்டி நண்டுக் கறி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "பாவம், அந்த மனுசி என்ன செய்தது?" என்று கேட்டார். "உங்களுக்குக் கொம்பியூட்டரைப் பற்றி என்ன தெரியும்?" என்று அவருடைய வாயை அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை பகல், வேறு வழியில்லாமல் டவுனில் டொங்கிள் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன். என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "அக்கா, அந்தச் சிவப்புப் பக்கத்தில என்ன எழுதியிருக்கு? வாசியுங்கோ" என்றார்.

நாலு நாளாக நான் அதை வாசிக்கவே இல்லை. இங்கிலீஷ் என்றால் மூடிவிடுவதுதான் என் வழக்கம். எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அவர் என்னை நிறுத்தினார்.

"காணும், மிச்சம் வேண்டாம். கீழ மூலையில என்ன திகதி காட்டுது?"

பார்த்தேன். பத்து மாதத்துக்கு முந்திய திகதி.

அட்டை அடிக்கும் மென்பொருள் முப்பது நாளைக்குத்தான் இலவசம். முப்பது நாள் முடிய வரும்போது கணினியின் திகதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் அது முதல் நாள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி வேலை செய்யும். பூட்டித் தந்தவர் சொல்லித் தந்த கெட்டித்தனம் இது. நானும் மாதாமாதம் தள்ளிக்கொண்டே வந்தேன். உலகம் முழுக்க மாதங்கள் ஓடிக்கொண்டிருக்க, என் வீட்டுக் கணினியில் மட்டும் பத்து மாதமாக ஒரே மாதம். அது பழகிப்போய், மூலையில் இருப்பது பிழையான திகதி என்பதே மறந்துவிட்டது.

கடைக்காரர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மெயில் மாதிரியான பக்கங்கள் தாங்கள்தான் உண்மையான ஆள் என்று காட்ட ஒரு சான்று வைத்திருக்குமாம். அதை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்களாம், இந்த முறை திங்கள் இரவுதான் மாற்றியிருக்க வேண்டுமாம். என் கணினியின் கணக்கில், புதுச் சான்றில் போட்ட நாள் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் அது, இது கள்ளச் சான்று என்று சொல்லிக் கதவை அடைத்துவிட்டது. சான்று கேட்காத சின்னப் பக்கங்கள் மட்டும் திறந்திருக்கின்றன.

திகதியைத் திருத்தினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, மெயில் திறந்தது. மகள் அனுப்பிய இரண்டு கடதாசியும் திங்கட்கிழமையே வந்து அங்கே கிடந்தன.

அச்சடித்து எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, கடதாசியை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "எப்பிடிச் சரியானது?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வேறு இல்லை. ஆனால் நான், "கடைக்காரர் வைரஸை எடுத்துத் தந்திட்டார்" என்றேன். அவ்வளவு கேவலமாக ஒரு பொய்யை என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

மறுநாள் நடமாடும் சேவைக்குத் துணையாக நானும் போனேன். மண்டபத்தில் நல்ல சனம். கதிரைகளில் வரிசையாக இருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் பெரியமடுவிலிருந்து வந்த இரண்டு பெண்கள், அவர்களும் இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள். அக்கா அவர்களோடு கதைக்கத் தொடங்கினார். முகாம் கதை, பிள்ளைகள் கதை. பிறகு சொன்னார்:

"ஆரின்ர வீட்டுக் கொம்பியூட்டரிலயும் உங்கட பென் ட்ரைவைப் போட்டுடாதேங்கோ. நாங்கள் கொண்டுவாற சாமானில என்ன கிடக்கெண்டு எங்களுக்கே தெரியாது. என்னால இந்தத் தங்கச்சியின்ர கொம்பியூட்டர் பழுதாகி, நாலு நாள் அவ பட்டபாடு. வேற ஆள் எண்டால் என்னை வாசலுக்கும் எடுத்திராது."

அதைக் கேட்ட ஒரு பெண் மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குள்ளும் அப்படி ஒன்று இருந்ததோ என்னவோ. நான் எரிச்சலில் சொன்ன ஒரு பொய்யை, இந்தியாவிலிருந்து வந்த எல்லோருடைய குற்றமாக இவர்கள் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்வது கண்முன்னே நடந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அக்கா, உங்கட பென் ட்ரைவில ஒரு பிழையுமில்லை. பிழை நான் செய்தது" என்று தொடங்கி, திகதியைத் தள்ளிய கதை முழுவதையும் அந்தப் பெண்களுக்கு முன்னாலேயே சொன்னேன்.

"அப்ப நேற்றுச் சொன்னது?"

"பொய்யக்கா."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மடியில் இருந்த கடதாசிகளைப் பார்த்தபடி, மெதுவாகத்தான் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமையில இருந்து நேற்றுக் கடதாசி வாறவரைக்கும் நான் நித்திரை கொள்ளேல்லை தங்கச்சி. என்ர பிள்ளை வாற வழியை நானே அடைச்சுப்போட்டன் எண்டு, அவளின்ர அப்பாவின்ர படத்துக்கு முன்னால இருந்து அழுதனான்."

அதற்குள் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். கோப்புத் திறந்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் இருந்தார், ஆனால் ஊர் வரும்வரை யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்து இறங்கினார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

அடுத்த வருடம் மகள் வந்துவிட்டாள். இப்போது வேலியால் கறியும் கதையும் போய்வருகின்றன, அக்கா அந்தக் கதையை எடுப்பதே இல்லை. இன்றைக்கும் வீட்டில் ஏதாவது பழுதானால் முதலில் என் வாயில் வருவது இன்னொருவரின் பெயர்தான். வந்ததை விழுங்கிக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று பார்க்கும்போதெல்லாம், ஒரு தாயின் மூன்று இரவு நித்திரையை நான் பறித்தேன், அதை எந்த மன்னிப்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதுதான் நினைவுக்கு வருகிறது.