ஆண்டாளின் டைல்ஸ் இடுக்குகள்

ஓரகத்தி செல்லம்மாளிடம் இருந்த எதுவும் ஆண்டாளின் கண்ணை உறுத்தாமல் போனதில்லை. ஆனால் அந்த டைல்ஸ் தரை உறுத்திய மாதிரி வேறெதுவும் உறுத்தவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். 2005 ஆவணியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே டைல்ஸ் வாங்கினார்கள். மாயவன் கொத்தனார் ஒரே வாரத்தில் இரண்டு கூடத்திலும் ஒட்டி, இடுக்குகளில் வெள்ளை சிமெண்டை நிரப்பிவிட்டுப் போனார். அடுத்த வைகாசிக்குள் ஆண்டாள் வீட்டு இடுக்கெல்லாம் கறுத்துப் பொரிந்து கிடந்தது. செல்லம்மாள் வீட்டிலோ ஒட்டிய அன்று இருந்தபடியே பளிச்சென்று இருந்தது. இத்தனைக்கும் அந்த மகராசி தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கமாட்டாள். ஈரத் துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

ஆண்டாள் இருபது வருஷமாக மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமப்பவள். வெயிலில் வெந்து வந்த பிறகும், முந்தானையில் முடிந்து வந்த கல் உப்பைக் கொட்டித் தேங்காய் நாரால் இடுக்கு இடுக்காகத் தேய்ப்பாள். தேய்க்கிற ரகசியம் ஓரகத்திக்குத் தெரியக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்குப் போய் வந்த நாளில் இரண்டு மடங்கு தேய்ப்பாள். கொத்தனார் ஓரகத்தி வீட்டுக்கு நல்ல சிமெண்டும் தன் வீட்டுக்கு மட்டமானதும் போட்டுவிட்டார் என்றே நம்பினாள்.

மகள் பூவிழியைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பெரிய முதலியார்சாவடியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். புருஷன் கலியபெருமாள் சோற்றைப் பிசைந்தபடி, "அண்ணி வூட்டுல உக்கார வச்சிடலாம். அங்க தரை நல்லா இருக்குது," என்றான். ஆண்டாளுக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் வீடு இருக்க, பெண்ணை ஓரகத்தி கூடத்தில் நிறுத்துவதா?

சைக்கிள் கடையில் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு உடைந்தது இரண்டு வாங்கிவந்து, ஒன்றின் முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பழைய சிமெண்ட் சுரண்டச் சுரண்ட மாவாக உதிர்ந்தது. டைல்ஸ் ஓரம் பெயர்ந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினாள். செல்லம்மாளும் வந்து இன்னொரு பிளேடை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். அந்த உதவியும் ஆண்டாளுக்குப் பிடிக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்றே பட்டது.

புதுச் சிமெண்ட் போடச் சனிக்கிழமை மாயவன் வந்தபோது செல்லம்மாள் வீட்டில் இல்லை. அவர் உதிர்ந்த தூளைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"ஏம்மா, உப்பு போட்டா தேச்ச? அது ஈரத்த இழுத்து வச்சிக்கும். சிமெண்டையும் அரிச்சிடும். பக்கத்து வூட்டு அம்மா வெறும் தண்ணியில தொடைக்கிறாங்க, அதான் அப்பிடியே இருக்குது."

நல்ல தண்ணீரில் கழுவி நாலு நாள் காயவிட்டால்தான் புதுச் சிமெண்ட் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே பூவிழி பெரியம்மா கூடத்தில்தான் காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா தரையைத் தடவிப் பார்த்து, வீட்டை வைத்திருக்கிற அழகிலேயே பெண்ணின் வளர்ப்பு தெரிகிறது என்று செல்லம்மாளிடம் சொன்னாள். சம்பந்தம் முடிவானது. ஆண்டாள் சிரித்தபடி வெற்றிலைத் தட்டை நீட்டினாள். உள்ளே பற்றி எரிந்தது.

எல்லோரும் போன பிறகு, காபி சிந்திப் பழுப்பாகியிருந்த ஓர் இடுக்கைச் செல்லம்மாள் காட்டினாள்.

"இது போவ மாட்டேங்குது. நீதான் தெனமும் தேய்க்கிறியே, சத்தம் செவுத்துல கேக்குது. எதுல ஆண்டாளு தேய்ப்ப?"

ஆண்டாள் அந்தக் கூடத்தின் வெள்ளை இடுக்குகளை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள்.

"உப்புலதான்க்கா. தெனமும் போடணும். நீங்க எங்கயும் அலையாதீங்க, நானே கொண்டாந்து தர்றேன்."

மறுநாள் உப்பளத்திலிருந்து திரும்பும்போது அவள் முந்தானையில் முடிச்சு இல்லை. தலையில் ஒரு கூடை நிறைய கல் உப்பு இருந்தது.