ஹத்து இறுக்கிய சக்கரம்

ரொட்டித் துண்டை ஆலிவ் எண்ணெயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு, அதே கிண்ணத்தில் ஸ்போக்ஸ் கம்பியின் மரையையும் தோய்த்தெடுக்கிறார் ஹத்து. எண்ணெய் பட்டால்தான் கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள் கடிக்காமல் ஏறுமாம். "இரும்பு பட்ட எண்ணெய் ஒடம்புக்கு நல்லதுய்யா. என் பல்லைப் பாரு" என்பார். பார்த்தேன். பெருமைப்பட ஒன்றுமில்லை.

பாலைவன ஓரத்து ஊரான ஸகோராவில் அவருடைய சக்கரப் பட்டறைக்கு எதிர்ப்புறம் என் டயர்க் கடை. சக்கரத்தின் நடுக்குடமான ஹப் ஒரு வண்டியுடையது, ரிம் இன்னொரு வண்டியுடையது என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே வருகிற கம்பிகளை அவரே அளந்து வெட்டி, தலையை வளைத்து, மரை போட்டுப் பின்னுவார். மணலில் போகிறவனுக்குப் பெரிய முன்சக்கரம், பேரீச்சம்பழ மூட்டை ஏற்றுகிறவனுக்குத் தடித்த கம்பி. ஆளைப் பார்த்துத்தான் சக்கரம்.

பழைய வண்டியின் முன் ஃபோர்க் ஒன்றைத் தலைகீழாகத் தரையில் நட்டு வைத்திருக்கிறார். அதில் சக்கரத்தை மாட்டிக் கோட்டம் எடுக்க உட்கார்ந்துவிட்டால், பேச்சு முழுவதும் கம்பிகளோடுதான். சொன்னபடி கேட்காத கம்பிக்கு ஊரில் யார் பெயரையாவது வைத்துத் திட்டுவார். "ஏய் தபால்காரா, எல்லாரும் ஒழுங்கா நிக்கிறாங்க, நீ மட்டும் எங்கடா போற?" தொளதொளவென்று கிடந்த ஒன்றுக்கு என் பெயரை வைத்ததும் காதில் விழுந்தது. சிரித்து வைத்தேன், வேறென்ன செய்வது?

வாடிக்கைக்காரர்களுக்கு எப்போதும் ஒரே உபதேசம். "இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்குன்னு உயிரை எடுக்காத. சக்கரம் கொஞ்சம் குழையணும். விறைச்சுக்கிட்டு நின்னா மொதக் கல்லுலயே கம்பி தெறிச்சுரும்."

அவர் மனைவி இத்தோ சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி. கற்சமவெளிக்கு அப்பால் கூடாரங்களில் இருக்கும் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவார். சென்ற வாரம் அந்த வண்டியின் அலாய் சக்கரம் கல்லில் மோதிப் பிளந்துவிட்டது. நடுவெயிலில், மனித வாடையே இல்லாத இடம். ஆட்டுக்காரர்கள் கண்ணில் பட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் வந்து சேரும்வரை ஹத்து சாலையைப் பார்த்தபடியே நின்றார்.

மறுநாளே அந்த வண்டிக்குக் கம்பிச் சக்கரம் பின்ன உட்கார்ந்துவிட்டார்.

நேற்று மதியம் அதே கூடாரங்களில் ஒருத்திக்கு வலி கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. இத்தோ பையும் கையுமாக வந்து நின்றார். புதுச் சக்கரம் ஃபோர்க்கில் தயாராக இருந்தது. டயர் மாட்டிக்கொடுக்க நானும் போயிருந்தேன். இத்தோ இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. திருப்புளியால் தட்டினார். கணீரென்றது.

"இது சக்கரமா, ஆட்டுக்கல்லா?"

"பலமா இருக்கட்டும்னுதான்..."

"ஊருக்கெல்லாம் குழையணும் குழையணும்னு ஓதுற. எனக்கு மட்டும் ஏன் இப்படி முறுக்கி வச்சிருக்க?"

"ஊர்க்காரன் திரும்பி வரலைன்னா அவன் பொண்டாட்டி அழுவா. நீ வரலைன்னா நான்ல அழணும்!"

இப்படி ஒரு பிழையை வேறு யார் சக்கரத்திலும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. பெண்டாட்டி விஷயம் என்றதும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

இத்தோ குரலைத் தணித்துக்கொண்டார். "இது கல்லுல தாங்காது முஅல்லிம். ஒனக்கே தெரியும். நான் திரும்பி வரணும்னா தளத்திக் குடு."

ஆசான் என்ற பொருளில் ஊரே மரியாதையாக அழைக்கும் அந்தப் பட்டத்தை இத்தோ வீட்டில் கேலிக்குத்தான் சொல்வது வழக்கம். நேற்று கேலியில்லை.

ஹத்து நிப்பிள் சாவியை எடுத்தார். இடது கையால் ரிம்மைப் பிடித்துக்கொண்டு, கம்பி கம்பியாகத் தளர்த்தினார். கொஞ்சம் தளர்த்துவார், தட்டிக் கேட்பார், மனசில்லாமல் இன்னும் கொஞ்சம் தளர்த்துவார். கடைசிக் கம்பியும் முடிந்தது. சாவியைக் கீழே வைத்தார். இடது கை மட்டும் ரிம்மிலேயே இருந்தது.

"கையை எடு. சுத்திப் பாத்துட்டுக் கெளம்பணும். அங்க ஒருத்தி வலியில கெடக்கா."

ஹத்து முதலில் சுண்டுவிரலை எடுத்தார். பிறகு மற்ற விரல்களை, ஒவ்வொன்றாக.