ஜமால் பாய் வாசலில் நின்ற கட்டடம்

ஜமால் பாய் இறந்த செய்தியைச் சொன்னவர் எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் கேன்டீன் நடத்திய அலமேலு அக்கா. நான் கச்சிராயபாளையத்தில் ஒரு கரும்புத் தோட்டத்து மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். "பாய் காலைல தவறிட்டாருப்பா. சாயந்தரம் அடக்கமாம், வந்துடு" என்றார். மோட்டாரை மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். வேலையைப் பாதியில் விட்டு வந்தால் பாய்க்கே பிடித்திருக்காது.

பூங்காவில் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டடம் தெரியும். ராட்டினத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். முதலில் அது கண்ணாடி மாளிகை. கள்ளக்குறிச்சியில் கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய், கண்ணாடி பொருத்த வந்தவர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வாசலில் ஆளாக நின்றுவிட்டார். கூட்டம் குறைந்ததும் பேய் வீடு ஆக்கினார்கள். பிறகு பனி அரங்கம். இப்போது டைனோசர். முதலாளி புதுப் பலகை மாட்டுவார், நான் ஒயரை மாற்றுவேன், பாய் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வெள்ளிமலையிலிருந்து ஜீப் பிடித்து வருகிறவர்கள் பேயைத் தேடி வந்து பனியைப் பார்த்து விழிப்பார்கள். "பேய் எங்கங்க?" என்று கேட்டால், "குளிரு தாங்காம மலைக்கே போயிடுச்சு, நீங்க வர்ற வழியில பாக்கல?" என்பார்.

அவருடைய செருப்பு வழக்கத்தை நாம் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். கண்ணாடிகளுக்கு நடுவே ஒருவர் வழி தெரியாமல் வெகுநேரம் சுற்றிய பிறகு தொடங்கியது அது. உள்ளே போகிறவர் ஒரு செருப்பைப் பாயிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். செருப்பு மிஞ்சினால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பேய் வீட்டிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தவர்களும் அவரிடம் நின்று செருப்பை வாங்கித்தான் ஆக வேண்டும். பனி அரங்கத்தில் நாங்களே பூட்ஸ் கொடுத்ததால் இரண்டு செருப்பும் அவரிடம் வந்தன.

ஒரு பொங்கல் விடுமுறை. கூட்டம் வடிந்து, வாசலை மூடும் நேரம். அரங்கத்தைச் சுற்றிப் பார்த்து, 'உள்ளே ஆள் இல்லை' என்று நோட்டில் எழுதிப் பூட்டுவது என் வேலை. பனி உருகாமலிருக்க குளிர் இயந்திரம் விடிய விடிய ஓடும். எழுதிவிட்டுச் சாவியை எடுத்தேன். பாய் செருப்பு அடுக்கும் பலகையில் ஒரு ஜோடி இருந்தது.

"பழச வுட்டுட்டு நம்ம பூட்ஸோட போயிருப்பாங்க பாய். பஸ்ஸு போயிடும், வாங்க."

"போயிருந்தா போவட்டும். போவலன்னா?" என்றார். சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பிளாஸ்டர் கரடிக்குப் பின்னால் ஒரு பெண் கிடந்தார். கருணாபுரத்துக்காரர், கூலி வேலை செய்கிறவர். வழுக்கி விழுந்து கால் பிசகி, பாட்டுச் சத்தத்தில் கூப்பிட்டது யாருக்கும் கேட்காமல், பேச்சு வராத அளவுக்கு விறைத்திருந்தார். கூட வந்தவர்கள், அவர் இன்னொரு வேனில் ஏறிவிட்டதாக நினைத்துப் போய்விட்டார்கள். பாய் கூப்பிட்ட பிறகுதான் நான் போய்த் தூக்கினேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாளி விசாரித்தபோது பாய் என்னைக் காட்டிச் சொன்னார்: "ரெண்டு பேரும்தான் தேடினோங்க. மொதல்ல சந்தேகப்பட்டது இந்தத் தம்பிதான்." உங்கள் முன்னால் எனக்கும் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு இருக்கே. வேல போனா இன்னா செய்வே? இனிமே உள்ள போய்ப் பாரு, அது போதும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களிடம் அலமேலு அக்கா என்னைக் காட்டி, "அந்தப் பொண்ணு உள்ள இருக்குதுன்னு மொதல்ல சொன்னவரு இவருதான்" என்றார். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அதனால் எழுதுகிறேன். அன்று நோட்டில் எழுதுவதற்கு முன் நான் உள்ளே போகவே இல்லை. வாசலில் நின்றபடியே எழுதினேன். தேடியவர் ஜமால் பாய் ஒருவர்தான்.

இப்போது எந்த அறையைப் பூட்டுவதற்கு முன்பும் மூலை முடுக்கெல்லாம் நடந்து பார்க்கிறேன். நல்ல பழக்கம் என்று பாராட்டுகிறார்கள். பாயிடம் கற்றது என்று சொல்வேன். எப்படிக் கற்றேன் என்பதை இன்றுதான் சொல்லியிருக்கிறேன்.