கல்லில்லாமல் ஓடிய மில்

எங்க ஊட்டுக்கும் மாவு மில்லுக்கும் நடுவுல ஒத்தைச் சுவரு. மில்லு பாட்டன் கட்டினது. ஆயில் எஞ்சின் காலத்துல இருந்தே அதே ரெண்டு கல்லு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ராகிக்கும் மிளகாய்க்கும் எங்ககிட்டத்தான் வருவாங்க.

அப்பனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததும் நான் புருஷன் ஊட்டுல இருந்து வந்துட்டேன். கட்டிலை அந்தச் சுவரோரம் போட்டோம். மில்லை அண்ணன் பாத்துக்கிட்டான். பாத்துக்கிட்டான்னு பேரு.

மாட்டுப்பட்டிப் பக்கத்து ரிசார்ட்டுக்காரங்க வந்தாங்க. அலங்காரத்துக்குப் பழைய கல்லு வேணுமாம். அப்பனை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு அண்ணன் கழட்டிக் குடுத்துட்டான்.

“தெரிஞ்சா அப்பன் உசுரு நிக்காது. சொல்லிப்போடாத”ன்னான்.

மறுநாள் காலையில மோட்டாரைப் போட்டான். மோட்டாரும் பெல்ட்டும் மட்டும் சும்மா சுத்துச்சு. தினமும் அப்படித்தான். அதை மட்டும் அவன் மறக்கல.

அப்பன் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே கெடப்பாரு. ஒரு நாள் கேட்டாரு.

“ஏன் அம்மணி, மில்லு ஓடுது, ஒருத்தி வாயும் கேக்கலையே. ஊருல பொம்பளைக எல்லாம் ஊமையாயிட்டாளுகளா?”

எங்க மில்லுல மோட்டாருக்கு மேல கத்தித்தான் பேசோணும். யாரு பாத்திரம் முன்னால வந்துச்சுன்னு எப்பவும் ஒரு சண்டை இருக்கும். அண்ணன் அதை நெனைக்கல.

“இப்பல்லாம் பாக்கெட் மாவுதானுங்க வாங்கறாங்க.”

“அப்ப உங்கண்ணன் யாருக்கு அரைக்கறான்?”

அப்பன் நல்ல கையைச் சுவத்துல வெச்சாரு. கல்லு ஓடுனா அந்தச் சுவரு அதிரும். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்ல.

“வித்துப்போட்டானா?”

“ஆமாங்க.”

“நிறுத்தச் சொல்லு. கரண்டு தண்டமாப் போகுது.”

போயிச் சொன்னேன். அண்ணன் நிறுத்தினான். “என்ன கேட்டாரு?”ன்னான்.

“நீ யாருக்கு அரைக்கறேன்னு கேட்டாரு.”

துண்டுல மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்.

அதுக்கப்பறம் அவன் அந்த அறைக்குள்ள வரல. வெளியே நின்னு “சாப்பிட்டாரா?”ன்னு என்னைக் கேப்பான். அது அப்பன் காதுலயும் விழும். ஒரு நாளும் அவர் கூப்பிடல.

அப்பன் போனதுக்குப் பொறவுதான் உள்ள வந்தான். தலைமாட்டுல உக்காந்து ஓன்னு அழுதான். மகன்னா இப்படி இருக்கோணும்னு வந்தவங்க சொன்னாங்க. நான் தண்ணி எடுக்கப் போயிட்டேன்.