மண்டோர் காட்டிய கோணல் சுழல்

புந்தோங் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ரோஸ்லின் போன் செய்தாள். "அத்தே, அப்பா காலையில போயிட்டாரு லா" என்றாள். அவள் அப்பா ஞானமுத்து, ரப்பர் தோட்டத்தில் எங்களை மேய்த்த மண்டோர், அதாவது கங்காணி. நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். பொறுக்கிய காயை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செமோர் பக்கத்துத் தோட்டத்தில் அவரிடம் வேலை செய்த நீங்கள் எல்லாரும் அவரை நல்லவர் என்பீர்கள். எனக்கு வேறொன்று ஞாபகம் இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கோடு சரிவாக, மரத்தைச் சுற்றி இறங்க வேண்டும். ஒரு நாள் என் கோடுகள் கோணிப்போயின. என் மூத்த மகள் காய்ச்சலோடு மரத்தடியில் கிடந்தாள். கத்தி பட்டையில் இருந்தது, கண் அவள்மேல் இருந்தது. மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில் மண்டோர் கேட்டார்: "அஞ்சல, மரத்த வெட்டுனியா, கடிச்சியா?" களமே சிரித்தது. யார் யார் சிரித்தீர்கள் என்று இன்றும் சொல்வேன். ஏன் கோணியது என்று அவர் கேட்கவே இல்லை.

பிறகு ரப்பரை அழித்துத் தோட்டத்தில் செம்பனை, எண்ணெய்ப் பனை, நட்டார்கள். இருவருமே புந்தோங்குக்கு வந்து சேர்ந்தோம். நான் அவரோடு பேசவில்லை. வயதான பிறகு அவருக்கு வானம் பார்க்கும் பைத்தியம் பிடித்தது. மகள் வாங்கிக் கொடுத்த தொலைநோக்கியோடு இருட்டான இடம் தேடி அலைந்தார்.

போன வருடம் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய்த் தங்கியிருந்தோம். வேதக்காரரான அவரும் வந்திருந்தார். விடியுமுன் பொங்கலுக்கு அடுப்பு மூட்டப் போனேன். திடலில் தொலைநோக்கியோடு நின்றவர், "அக்கா, இங்க வாங்க. ஒண்ணு காட்டுறேன்" என்றார். அக்கா என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கண்ணை வைத்தேன். ஒரே கறுப்பு.

"ஒண்ணுமே காணோம்."

"நேரா உத்துப் பாக்காதீங்க. கொஞ்சம் ஓரமாப் பாருங்க."

மெல்லிய புகை போல ஏதோ தெரிந்தது. பிறகு போனில் அதன் படத்தைக் காட்டினார். நம்மிடமிருந்து எங்கோ தூரத்தில் இருக்கும் நட்சத்திரக் கூட்டமாம், சுழல் மண்டலமாம். சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கக் கை நீண்டு போயிருந்தது, மறுபக்கம் குட்டை. பழகாத கை மரத்தைச் சுற்றி இழுத்த கோடு மாதிரியே இருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"என்ன மண்டோர், கிண்டலா? இது யாரு வெட்டுன கோடு?"

அவர் சிரிக்கவில்லை. "அது தப்பு இல்லக்கா. பக்கத்துல இன்னொரு கூட்டம் போயிருக்கு. அது இழுத்ததுல இப்படி ஆயிருச்சு. தானா கோணல."

"வானத்தச் சொல்றீங்களா, என்னைச் சொல்றீங்களா?"

"வெளுக்குது. இன்னொரு தடவ பாருங்க" என்றார். அதற்குள் அடுப்படியில் என்னைத் தேடினார்கள், போய்விட்டேன்.

அடக்கத்தன்று ரோஸ்லினிடம் கேட்டேன், "அப்பா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"திருவிழாவுல நீங்க வந்து வானம் பாத்தீங்கன்னு சொன்னாரு அத்தே. சந்தோசமாச் சொன்னாரு."

எதற்குச் சந்தோஷம்? மரத்தடியில் கிடந்த பிள்ளையை அவர் அன்றைக்கே பார்த்தாரா? பார்த்துவிட்டும் அப்படிக் கேட்டார் என்றால் என் கோபம் இரண்டு மடங்கு. பார்க்கவில்லை என்றால் அந்த விடியலில் அவர் சொன்னது வெறும் வானத்துக் கதை. மன்னிப்புக் கேட்டவரா, கேட்காதவரா என்று தெரியாமலேயே அவர் குழியில் மண் போட்டேன்.

"தானா கோணல." அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பேச்சுதான். அது எனக்குச் சொன்னதுதான் என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் இல்லை என்று படுகிறது.