காலிப் பெட்டியை எட்டிப் பார்ப்பவர்

கடைசி வாடிக்கையாளரின் பிடரியில் பவுடரைத் தட்டிவிட்டு, போர்த்திய துணியை உதறி மடித்து வைத்ததும் சலூன்காரர் தொகாஷி மறுநாளுக்கு ஆயத்தமாகிறார். மடக்கு நாற்காலி ஒன்று. வறுத்த பார்லித் தேநீருக்கு ஒரு ஃப்ளாஸ்க். நகராட்சி தபாலில் அனுப்பிய வாக்காளர் அட்டை சட்டைப் பைக்குள் போய், பை ஊசி குத்தி மூடப்படுகிறது. நாளை தேர்தல். எங்கள் துறைமுக ஊருக்கு அது காலை ஏழு மணிக்குத் தொடங்கும். தொகாஷிக்கு ஐந்தே காலுக்கே தொடங்கிவிடும்.

பள்ளி உடற்பயிற்சிக்கூடத்தின் வாசலில், கடல் காற்றுக்கு முதுகைக் காட்டி, நாற்காலியை விரித்து உட்கார்ந்துகொள்வார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம் அள்ளும். எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கியாகணும்ல?" இது பச்சைப் பொய். அவர் கடைக்கும் பள்ளிக்கும் நடுவே நாலு நிமிட நடைதான். ஏழு மணிக்கு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாலும் கடை திறக்கும் முன் ஒரு தூக்கம் போடலாம்.

உண்மையான காரணம் பெட்டி. முதலில் வரும் வாக்காளருக்குப் பெட்டியைத் திறந்து காட்டியாக வேண்டும் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகே பூட்டுப் போடுவோம். நான் நகராட்சித் தேர்தல் பிரிவில் வேலை பார்த்தவன். பதினெட்டு வருடம் அந்த மூடியைத் திறந்து பிடித்திருக்கிறேன். பெரும்பாலும் எனக்கு எதிரே குனிந்தது தொகாஷியின் தலைதான்.

தொப்பியைக் கழற்றுவார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். எதையாவது உள்ளே போட்டுவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதாம். நாலு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நிமிர்ந்து, "ஒண்ணுமில்லை" என்பார். சத்தியம் செய்கிறவரின் குரல் அது. அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒருமுறை கேட்டேன். "அடி தெரியற பெட்டியைப் பார்த்தா மனசு லேசாகுது ஆபீஸர். இதுக்கப்புறம் உள்ள என்ன விழுதோ, அது நம்ம கையில இல்ல. இந்த ஒரு நிமிஷம் மட்டும் யாரும் ஜெயிக்கல, யாரும் தோக்கல" என்றார். நான் ஆபீஸரெல்லாம் இல்லை, வெறும் குமாஸ்தா இகராஷி. அவர் வாயில் வந்த பதவி உயர்வு அது.

யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது அவர் மனைவிக்கே தெரியாது. எதிரெதிராக நிற்கும் இரண்டு வேட்பாளர்களும் சுவரொட்டிக்குப் படம் எடுக்குமுன் அவர் நாற்காலியில்தான் வந்து உட்காருவார்கள். தேர்தல் பலகையில் ஒட்டிய முகங்களைத் தள்ளி நின்று பார்த்து, "ரெண்டாம் நம்பருக்குக் காதோரம் இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்" என்று வருத்தப்படுவார். கொள்கை என்னவென்று கேட்டால், "இடது காதுக்கும் வலது காதுக்கும் நம்மகிட்ட ஒரே கத்திரிதான்" என்று நழுவிவிடுவார்.

முதலிடத்துக்கு அவருக்கு ஒரே ஒரு போட்டி உண்டு. மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஒனோதேரா மிட்சுயே. சைக்கிளில் வருவாள். தொகாஷி உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால் கோபத்தில் மணியை அடித்துக்கொண்டே வருவாள்.

"நேத்தே வந்து படுத்துட்டீங்களா, சலூன்காரரே?"

"உங்க கருவாட்டு வாசனை வர்றதுக்குள்ள இடம் பிடிச்சிடணும்னு ஓடி வந்தேன், மீன்காரம்மா."

திட்டிக்கொண்டே ஃப்ளாஸ்க் மூடியை நீட்டுவாள். அவர் ஊற்றுவார். ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணிக்கு பார்லியைக் காட்டிட்டு எடுத்துட்டீங்களா?" என்பாள். அவள் முந்திக்கொண்ட வருடங்களில் சுட்ட கணவாய்க் கருவாட்டைக் கிழித்து அவருக்கும் ஒரு துண்டு கொடுப்பாள். தோற்றவருக்கு ஆறுதல் பரிசு என்பாள். பின்னால் வந்து நிற்பவர்களுக்கும் அதே மூடியில் தேநீர், அதே கையால் கருவாடு. ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் குடிப்போம். யாருக்கும் ஒன்றும் தோன்றியதில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மேசைகளை அடுக்கிக்கொண்டே அவர்கள் சண்டையைக் கேட்பதற்காகவே நான் தேர்தல் வேலையை விரும்பினேன்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் முழுக்க ஊரே அமளிப்படும். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் சந்து சந்தாக வரும். ஜன்னலில் பிரசாரக்காரர்கள் கையசைக்க, வெள்ளைக் கையுறைகள் ஆடும். வேட்பாளர்கள் சலூனுக்குள் நுழைந்து, பாதி முடி வெட்டிய ஆள்வரைக்கும் விடாமல் கை குலுக்குவார்கள். "கையைப் பிடிச்சா போதும், ஆளு எப்படின்னு சொல்லிடுவேன்" என்பார் தொகாஷி. சொன்னதில்லை, ஆனால் தெரியும் என்பார்.

பிறகு அந்தத் தொற்றுநோய் வருடம் வந்தது. வசந்தத்தில் ஆறு வாரம் சலூன் மூடிக் கிடந்தது. திறந்தபோது, பேச்சைக் குறைத்துக்கொள்ளவும் என்று அவரே தன் கையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. முகக்கவசத்துக்குள் வாயை அடக்கிக்கொண்டு வேலை செய்தார். "பேசாம முடி வெட்டினா வேலிச் செடி வெட்டற மாதிரி இருக்கு ஆபீஸர். தலை மட்டும்தான் வருது, ஆளு வரல." கோயில் திருவிழா நின்றது. பள்ளி விளையாட்டு விழா நின்றது. ஆகஸ்டு வாணவேடிக்கை நின்றது. ஒவ்வொன்றையும் கடை நாட்காட்டியில் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். நவம்பரில் நகராட்சித் தலைவர் தேர்தல். அந்தத் தேதியைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டிருந்தார். "இதை மட்டுந்தான் விட்டுவச்சிருக்காங்க" என்றார்.

வேட்பாளர்கள் வந்தார்கள். கைக்குப் பதில் முழங்கையை நீட்டினார்கள். "முழங்கையில என்னத்தைத் தெரிஞ்சுக்கறது?" என்று அலுத்துக்கொண்டார். முதியவர்கள், கூட்டத்தைத் தவிர்க்க, முன்னதாகவே நகராட்சிக்கு வந்து வாக்களித்துவிடலாம் என்று நாங்கள் துண்டறிக்கை அனுப்பினோம். அதைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். "எழுபத்தொண்ணு ஆன ஆளெல்லாம் முன்னாடியே போட்டுட்டா, ஞாயித்துக்கிழமை பெட்டிக்குள்ள யாரு பார்ப்பாங்க? வைரஸா?" நான் சிரித்துவிட்டேன். தாராளமாக ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எந்த வாசலுக்கு என்று சொல்லத் தவறிவிட்டேன்.

முன்வாசலில் செருப்பு அலமாரிகளுக்கு நடுவே இரண்டு பேர் உரசாமல் போக முடியாது. அதனால் அந்த முறை மைதானத்துப் பக்கம் இருந்த பின்வாசலைத் திறப்பதாக முடிவு செய்தோம். முடிவு செய்தவன் நானேதான். வழக்கமாக இப்படிப்பட்ட செய்தி வீடு வீடாகக் கைமாறும் அறிவிப்பு அட்டையில் வரும். பார்த்தவர் முத்திரை குத்திப் பக்கத்து வீட்டில் கொடுப்பார். கைகள் படுகின்றன என்று அதையும் வசந்தத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். நகராட்சி இணையதளத்தில் போட்டேன். தொகாஷி அதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை. முன்வாசல் கதவில் ஒரு தாளும் ஒட்டினேன். நவம்பர் மாதக் கடல் காற்று அதை எங்கே கொண்டுபோனதோ தெரியாது.

ஏழுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பின்வாசலில் முதல் ஆளாக மிட்சுயே நின்றாள். துறைமுகச் சாலை வழியாக வந்ததால் விளக்கைப் பார்த்து நேரே இங்கே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால், தரையில் ஒட்டிய மஞ்சள் காலடித் தடங்களின் மேல், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுச் சிலர். நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க அவரு?"

"யாரு?"

"யாருன்னு கேக்கறான் பாரு. சலூன்காரர் வராம இருக்கவே மாட்டாரே." ஒரு கணம்தான் யோசித்தாள். "ஐயோ, முன்வாசல்ல நிக்கறாரு! முப்பது வருஷமா அந்த மனுஷனுக்கு வேற வாசல் தெரியாதே!"

வாக்குச்சாவடித் தலைவராக உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, "மணி ஏழு. வாக்குப்பதிவு தொடங்குகிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அம்மா" என்றார். நாலு தேர்தலாகத் தொகாஷியிடம் முதலிடத்தைத் தோற்றுக்கொண்டிருந்தவளுக்குத் திறந்த பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

குனிந்தாள். முகத்தைப் பெட்டிக்குள்ளேயே நுழைத்துவிட்டாள். எனக்காகக் கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வீசினாள். போ, ஓடு என்று அர்த்தம். பக்கத்து ஊழியரிடம் மூடியைக் கொடுத்துவிட்டு நான் ஓடினேன். பின்னால் குரல்கள் கேட்டன.

"ஒன்றும் இல்லைதானே, அம்மா?"

"எப்படிச் சொல்றது? முகக்கவசத்துல மூச்சு விட்டா மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. தொடைச்சிட்டுப் பாக்கறேன்."

"சீக்கிரம்…"

"சட்டப்படி பாக்க வேணாமா? இன்னும் ரெண்டு மூலை பாக்கியிருக்கு. அவசரப்படுத்தினா மொதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்."

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தொகாஷி நின்றுகொண்டிருந்தார். ஃப்ளாஸ்க் திறக்கப்படவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். என் காலடி கேட்டுத் திரும்பியவரின் கண்களில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆபீஸர்," என்றார் மெல்ல, "இதையும் ரத்து பண்ணிட்டாங்களா?"

"இல்லைங்க, வாசல்தான் மாறிப்போச்சு. நான்தான் மாத்தினேன். சொல்ல மறந்துட்டேன். வாங்க, சீக்கிரம் வாங்க!" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். எழுபத்தொரு வயதில் அவர் என்னை முந்தினார்.

நெற்றியில் காய்ச்சல் பார்த்தார்கள். கையில் மருந்து தெளித்தார்கள். அவர் உள்ளே வந்தபோது ஏழு மணி ஆறு நிமிடம். வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியரின் காதுமடல் சிவந்திருந்தது. மிட்சுயேயின் தலை இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"யாரது, சலூன்காரரா?" என்றாள் உள்ளிருந்தே. "நல்லவேளை வந்தீங்க. பெரிய பெட்டியா இருக்கு. ஒரு ஆளு பார்த்து முடியல."

நிமிர்ந்து, இரண்டடி ஒதுங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தொகாஷி தொப்பியைக் கழற்றினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். நாலு மூலைகள். அந்த முறை வெகு நேரம் பார்த்தார். "ஒண்ணுமில்லை" என்றார் கடைசியில். நான் பூட்டைப் போட்டேன்.

இனி முதல் ஓட்டு. மேசையில் முதல் வாக்குச்சீட்டை எடுத்து ஊழியர் நீட்டினார். எட்டிப் பார்த்தவர்தான் அதையும் வாங்க வேண்டும். வரிசையில் இருந்தவர்கள் தொகாஷியைப் பார்த்தார்கள். மிட்சுயேயும் அவரைத்தான் பார்த்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, மூக்குக்கண்ணாடியில் ஆவி ஏறி ஏறி இறங்கியது.

அவர் சீட்டுப் பக்கம் போகவில்லை. மிட்சுயேயின் முதுகுக்குப் பின்னால் நடந்துபோய், தரையில் ஒட்டியிருந்த இரண்டாவது மஞ்சள் காலடித் தடத்தைத் தேடி, அதன்மேல் தன் இரண்டு கால்களையும் பொருத்தி வைத்து நின்றார்.