பாதிப் பாடத்தில் அணையும் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்மேல் என்ன பகையோ தெரியவில்லை. காலையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து செய்தி படிப்பார், மெயில் பார்ப்பார், சமர்த்தாக ஓடும். சாயங்காலம் நான் வகுப்பு எடுக்க உட்கார்ந்தால் மட்டும் பாதிப் பாடத்தில் பட்டென்று அணைந்துவிடும்.

பேச்சுத் தமிழ் வகுப்பு. எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் மாதக்கணக்கில் தங்கிவிட்டு ஊர் திரும்பிய வெளிநாட்டுப் பெண் ஒருத்திக்கு வீடியோவில் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணமாகி வேங்கிக்காலுக்கு வந்த பிறகு நானே எனக்கென்று தேடிக்கொண்ட முதல் வேலை அது. நாலைந்து முறை நடுவில் நின்றுபோனதும் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற டீச்சர் பாத்துக்கறேன். கோச்சுக்காதீங்க."

கோச்சுக்காதீங்க என்று சொல்லப் பழக்கியதே நான்தான். பெருமையாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

கரண்ட் சரியில்லை என்று யூபிஎஸ்ஸை மாற்றினோம். வைரஸ் என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினோம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், தூசியை ஊதிவிட்டு, "சூடு ஜாஸ்தியானா தானா ஆஃப் ஆயிடும்ங்க, இப்ப ஒரு குறையும் இல்ல" என்று கொடுத்துவிட்டார்கள். அங்கே நாள் முழுக்க ஓடியதாம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பழையபடி படுத்துக்கொண்டது. "சனியனே, உனக்கு நான்தான் கெடச்சனா?" என்று மேசையில் ஓங்கி ஓர் அறை விட்டேன். அப்புறம், அந்தப் பெண்ணிடம் கெஞ்சி இன்னும் ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, "அண்ணாமலையாரே, நாளைக்காவது ஒழுங்கா ஓடணும்" என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

இந்தப் புலம்பலையெல்லாம் கூடத்திலிருந்து மாமனார் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். மாமியார் போன பிறகு தன் ஊரான அடி அண்ணாமலையை விட்டு எங்களோடு வந்து இருப்பவர். அவர்கள் குடும்பத்து வழக்கம், மருமகளிடம் நேராகப் பேச மாட்டார். காபி வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "ஒரு வாய் காபி குடிச்சா தேவல" என்பார். நான் வேலை பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். பேசினால்தானே தெரியும்?

மறுநாள் நானே ஸ்குரூடிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். வேறு யாரையும் நம்புகிற நிலையில் நான் இல்லை. உள்ளே விசிறிக்குக் கீழே இருக்கும் தகடுகளின் இடுக்கெல்லாம் அடைத்துக் கிடந்தது. காற்று போக வழியில்லை, மணிக்கணக்கில் வீடியோ ஓடினால் சூடாகாமல் என்ன செய்யும்? ஆனால் எங்கள் பக்கத்துத் தூசி செம்மண் நிறம். இது வெள்ளையாக இருந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். விபூதி.

பெயிண்ட் பிரஷ்ஷால் பெருக்கி எடுத்துவிட்டு வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, முகம் கழுவப் போய் வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். மாமனார் அதன் முன்னால் குனிந்திருந்தார். கை நிறைய விபூதியை எடுத்து, பெட்டியின் முன்பக்கத்துச் சல்லடையில் மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். குழந்தைக்குப் பூசினால் கண்ணில் விழாமல் இருக்க ஊதிவிடுவோமே, அதே மாதிரி வாயைக் குவித்து ஊதவும் செய்தார். அத்தனையும் விசிறியோடு உள்ளே போனது. "எம் மருமவ ஆசையா பேசிக்கினு இருக்குது. நடுவுல படுத்துக்காத சாமி" என்று அதனிடம் கெஞ்சினார். கம்ப்யூட்டர் நின்றுபோக நின்றுபோக, தினமும் இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பூசியிருக்கிறார், பாவி மனுஷன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் அழுகையாகிவிட்டது. என் வேலை நிலைக்க வேண்டும் என்று இந்த வீட்டில் என்னைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் இவர். இவரிடம் போய், உங்களால்தான் கெட்டது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மனுஷர் ஒடிந்துபோவார். சொல்லாமல் விட்டால் நாளைக்கே மறுபடி அடைத்துக்கொள்ளும், அந்தப் பெண்ணும் போய்விடுவாள்.

"மாமா" என்றேன். திடுக்கிட்டு விலகிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பொட்டிக்கு என்னா தெரியும் மாமா? பேசறது நான்தான? இனிமே எனக்கே வெச்சி உடுங்க."

அதற்குள் கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணின் அழைப்பு வந்துவிட்டது. அடிக்கட்டும் என்று அங்கேயே நின்றேன். அவர் மெதுவாகத் திரும்பினார். விபூதியை எடுத்தார். என் நெற்றி வரை வந்த கை நின்றது. பிறகு அழுத்தமாகப் பூசினார்.

"கண்ண மூடிக்கம்மா" என்றார், என் முகத்தைப் பார்த்து.

மூடிக்கொண்டேன். ஊதினார். மூடிய கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. விபூதிதான் கண்ணில் விழுந்துவிட்டது என்று பதறிப்போய், "தொடாத, தொடாத" என்று சொல்லிக்கொண்டே இன்னும் பலமாக ஊதினார்.